மிளகு ஸ்டோரில் பதிந்த ஆல்பம்

எங்கள் குழு ஒரே ஒரு ஆல்பம்தான் செய்தது. அது மூன்று தடவை வெளிவந்திருக்கிறது. முதலில் கசெட்டாக, பிறகு சீடியாக, போன வருடம் பெரிய கறுப்பு இசைத்தட்டாக. குழுவுக்கு ஒரு பெயரும் இருந்தது. விடலை வயதில் வைத்த பெயர் என்பதால் இந்த வயதில் அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. விட்டுவிடுகிறேன்.

நாங்கள் மூன்று பேர். என் அண்ணன் கிட்டார் வாசித்தபடி பாடுவான். அண்ணனின் வகுப்புத் தோழர் ட்ரம்ஸ். முஸ்லிம் வீட்டுப் பிள்ளை, என்னைவிட மூத்தவர் என்பதால் அவரை நான் நானா என்று கூப்பிடுவேன். எனக்கு பேஸ் கிட்டார். நான் கேட்டு வாங்கியதல்ல. கண்டியில் யாரோ விற்ற பழைய பேஸ் ஒன்றை அண்ணன் தூக்கிக்கொண்டு வந்தான். வாசிக்க ஆள் கிடைக்கவில்லை. வீட்டில் நான் இருந்தேன். "நாலு கம்பிதான், பயப்படாத" என்று கையில் கொடுத்தான். அதில் இரண்டு கம்பி அப்போது இல்லை.

அப்பா நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை. சொந்த ஊர் வடக்கே. மாற்றலில் மாத்தளைக்கு வந்து, அலுவிகாரையில் வாடகை வீடு எடுத்து, அப்படியே தங்கிவிட்டார். வீட்டுக்குள் அவருடைய தமிழ், வாசலைத் தாண்டினால் எங்களுடைய தமிழ். ஜெர்மனியில் இருந்த சித்தப்பா மகன் ஒரு விடுமுறைக்கு வந்துபோனபோது கொஞ்சம் கசெட்டுகளை விட்டுப் போனார். அண்ணன் அவற்றை இரவு பகலாகக் கேட்டான். எனக்கு முதலில் பிடிக்கவில்லை. செத்த வீட்டுக்குள் யாரோ தையல் மெஷின் ஓட்டுகிற மாதிரி இருக்கிறதே என்று சொன்னேன்.

"இதுக்குப் பேரு போஸ்ட்-பங்க்" என்றான் அண்ணன்.

"அப்படின்னா?"

"பங்க்னா கத்துறது. இது கத்தி முடிச்சப்புறம் உக்காந்து யோசிக்கிறது."

அந்த விளக்கத்தைவிடத் தெளிவாக யாரும் இதுவரை எனக்குச் சொன்னதில்லை. மெல்ல மெல்ல எனக்கும் பிடித்தது. மற்றப் பாட்டுகளில் பேஸ் எங்கேயோ அடியில் கிடக்கும். இந்தப் பாட்டுகளில் பேஸ்தான் முன்னால் நடக்கும். கிட்டார் கம்பி வேலி மாதிரி மெல்லிசாகப் பக்கத்தில் வரும். பாடுகிறவர் பாடுகிறாரா பேசுகிறாரா என்று தெரியாது. பாடத் தெரியாத அண்ணனுக்கு அது வசதியாகப் போயிற்று.

வீட்டில் பழகிப் பார்த்தோம். அப்பா ஒரு கிழமைதான் பொறுத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, உந்தச் சத்தத்தை வேற எங்கையாவது கொண்டுபோய் வையுங்கோ. எனக்குக் கோபம் இல்லை, தலையிடி" என்றார்.

அப்போதுதான் நானாவின் வாப்பா தன்னுடைய ஸ்டோரைத் தந்தார். மாத்தளை டவுனில் அவருக்குப் பலசரக்கு வியாபாரம். தோட்டங்களிலிருந்து வரும் மிளகு, கராம்பு, ஏலம், சாதிக்காய் எல்லாம் வாங்கி, காயவைத்து, கொழும்புக்கு அனுப்புவார். கடைக்குப் பின்னால் நீளமான ஸ்டோர். கூரை வரைக்கும் மூட்டைகள். எவ்வளவு பலமாக அடித்தாலும் அந்த மூட்டைகள் சத்தத்தை விழுங்கிவிடும், வெளியே ஒன்றும் போகாது. நாங்கள் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தில் நின்று வாசித்தோம். வீட்டுக்கு வந்தால் தலைமயிரில் கராம்பு மணக்கும்.

பள்ளிவாசலில் யாரோ வாப்பாவிடம், பிள்ளைகளை இப்படி விட்டிருக்கிறீர்களே என்று கேட்டார்களாம். "பிள்ளைகள் என் ஸ்டோருக்குள்ளதானே இருக்குதுகள், ரோட்டில இல்லையே" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எங்களிடம் இதை அவர் சொல்லவில்லை. நானாதான் சொன்னார்.

வாப்பா கதவடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு, பிளேன்டி குடித்துக்கொண்டு கேட்பார். முதல் நாள் நாங்கள் ஒரு பாட்டை முழுசாக வாசித்து முடித்து, அவர் முகத்தைப் பார்த்தோம்.

"சரி மகன், ட்யூன் பண்ணி முடிஞ்சிட்டுதானே. இனிப் பாட்டத் தொடங்குங்க" என்றார்.

"வாப்பா, இப்ப வாசிச்சதுதான் பாட்டு" என்றார் நானா.

வாப்பா சற்று யோசித்தார். "அப்படியா? அப்ப நல்லா இருக்கு" என்றார். அதற்குப் பிறகு எல்லாப் பாட்டும் அவருக்கு நல்லாத்தான் இருந்தது. எனக்கு விரலில் கொப்புளம் வந்ததைப் பார்த்துவிட்டு, கராம்பு எண்ணெய் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். "மகள், தடவிட்டு வாசிங்க" என்றார். எரிந்தது. ஆனாலும் தடவினேன்.

ஆல்பத்தை ஒரு போயா தினத்தில், பௌர்ணமி விடுமுறையில், பதிந்தோம். போயாவில் பக்கத்து மிளகாய் மில் ஓடாது, கடை பூட்டு, தெருவும் வெறிச்சோடிக் கிடக்கும். கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டுகிற ஒருவரிடம் இரண்டு மைக்கும் ஒரு கசெட் டெக்கும் இரவல் வாங்கியிருந்தோம். மாலைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஒரு கல்யாணத்துக்குப் போகிறது. அதனால் ஒவ்வொரு பாட்டையும் ஒரே தடவையில் வாசித்துவிட வேண்டும் என்று அண்ணன் கட்டளை.

கடைசிப் பாட்டில் ஓர் இடம் உண்டு. ஓடிக்கொண்டே இருந்து, திடீரென்று மூன்று பேரும் நிறுத்துவோம். முழு அமைதி. மனதுக்குள் எண்ணி, ஒன்றாக மறுபடி பாய வேண்டும். அண்ணனுக்கு அந்த இடமென்றால் உயிர். நிறுத்தினோம். அமைதி வந்தது. அந்த அமைதிக்குள் கதவடியிலிருந்து வாப்பா ஒரு தும்மல் போட்டார். சின்னத் தும்மல் இல்லை. உடனே "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

அவர்கள் வழக்கத்தில், தும்மியவர் அப்படி இறைவனைப் புகழ்ந்தால், கேட்டவர் அவருக்கு அருள் வேண்டிப் பதில் சொல்ல வேண்டும். நானா இரண்டு கையிலும் குச்சியை உயர்த்தியபடி, "யர்ஹமுக்கல்லாஹ்" என்று தணிந்த குரலில் சொன்னார். சொல்லிவிட்டுத்தான் அடித்தார். அதற்குள் எங்கள் எண்ணிக்கை குழம்பிவிட்டது. அண்ணனும் நானும் ஆளுக்கொரு நேரத்தில், தடுக்கி விழுந்த மாதிரி உள்ளே வந்தோம்.

பாட்டு முடிந்ததும் அண்ணன் கிட்டாரைக் கழற்றி மூட்டை மேல் வைத்தான். முகம் சிவந்திருந்தது. வாப்பாவிடம் கோபப்பட முடியாது. "வாப்பா, தும்மல் பதிஞ்சிருச்சு" என்று மட்டும் சொன்னான்.

"மிளகு ஸ்டோர்ல தும்மாம வேற என்ன தம்பி செய்ற?" என்றார் வாப்பா.

நான் சிரித்துவிட்டேன். நானா ட்ரம்ஸுக்குப் பின்னால் குனிந்துகொண்டு குலுங்கினார். திரும்ப வாசிக்கலாம் என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டெக்கை வாங்கிப் போக ஆள் வந்துவிட்டார். அப்படித்தான் அந்தத் தும்மல் எங்கள் ஆல்பத்தில் நின்றது.

கண்டியில் ஒரு ரெக்கோர்டிங் பாரில் பிரதி எடுத்தோம். அட்டைக்கு, ரிவர்ஸ்டன் மலையில் நான் எடுத்த படம். மலையும் தெரியாது, மரமும் தெரியாது, எல்லாம் மூடுபனி. ஃபோட்டோகொப்பி எடுத்தபோது மிச்சம் இருந்ததும் போய் வெறும் சாம்பல் நிறமாகிவிட்டது. வாங்கியவர்கள் அச்சுப் பிழையா என்று கேட்டார்கள். பெரும்பாலும் நாங்கள் சும்மாதான் கொடுத்தோம். வாப்பா மட்டும் கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கசெட்டை நிறுத்தி வைத்திருந்தார். சரக்குக் கொண்டு வருகிறவர்களிடம், "இதுல நானும் இருக்கேன்" என்பார். அவர்கள் நம்பாவிட்டால் கடைசிப் பாட்டைப் போட்டுக் காட்டுவார். தும்மல் வரும் வரைக்கும் கையை உயர்த்தி, "பொறுங்க, பொறுங்க" என்று அவர்களை நிறுத்தி வைப்பார்.

ரத்தோட்டையில் ஒரு மண்டபத்தில் ஒரே ஒரு கச்சேரி செய்தோம். அதோடு சரி. சண்டை ஒன்றும் இல்லை. அண்ணனுக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. நானா கடைக்கு வந்தார். நான் ஆசிரியர் கலாசாலைக்குப் போய், புவியியல் ஆசிரியையாக மாத்தளைக்கே திரும்பி வந்தேன். பேஸ் அலுமாரிக்கு மேலே ஏறியது.

சில வருடங்களில் அண்ணன் கம்ப்யூட்டர் வாங்கினான். ஒலி திருத்தும் மென்பொருள் ஒன்றைப் படித்து, தன்னிடமிருந்த மூலக் கசெட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மாதக்கணக்கில் அதோடு கிடந்தான். இரைச்சலை எடுத்தான். என் பேஸில் பிசகிய இடங்களைச் சரிசெய்தான். தும்மலை வெட்டினான். அதற்குப் பிறகு நாங்கள் தடுக்கி விழுந்த இடத்தையும் வெட்டி, பாட்டின் வேறோர் இடத்திலிருந்து நல்ல துண்டொன்றை எடுத்து ஒட்டினான். அதுதான் சீடி. கேட்டால் மூன்று கெட்டிக்காரர்கள் வாசித்த மாதிரி இருக்கும்.

அதைக் கொடுக்க அண்ணனும் நானும் கடைக்குப் போனோம். வாப்பாவுக்கு ஒரே சந்தோஷம். உடனே போடச் சொன்னார். கடைசிப் பாட்டு வந்ததும் கணக்கெழுதிக்கொண்டிருந்தவரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அந்த இடம் வந்தது. அமைதி வந்தது. பாட்டு அழகாகப் பாய்ந்து போயிற்று. வாப்பா இன்னும் கையை உயர்த்தியபடியே இருந்தார்.

"என்னயக் காணல்லியே தம்பி?"

"அது பாட்டுக்கு இடைஞ்சல் வாப்பா. சுத்தம் பண்ணிட்டேன்."

"ஆ, சரி சரி. சுத்தமா இருக்கணும்தானே" என்று சொல்லி, எங்களுக்கு பிளேன்டி கொண்டுவரச் சொன்னார். முகத்தில் ஒரு குறையும் காட்டவில்லை. ஆனால் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றது கடைசி வரை கசெட்தான். அதையே போட்டுப் போட்டு, ஒரு நாள் மெஷின் நாடாவைச் சப்பித் துப்பிவிட்டது.

வாப்பா இதய வருத்தத்தில் கொஞ்சக் காலம் கிடந்து மௌத்தானார். அண்ணன் கொழும்பிலிருந்து வந்து ஜனாஸாவோடு நடந்தான். சில கிழமைகள் கழித்து ஒரு ஞாயிறு நானா எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"தங்கச்சி, அந்த கசெட் உங்கிட்ட ஒன்னு இருக்கா?"

என்னிடம் இல்லை. யாருக்கோ கொடுத்தது திரும்பி வரவில்லை. அண்ணனைத் தொலைபேசியில் கேட்டேன். சீடி வந்த பிறகு மூலக் கசெட் எங்கே போனதென்று அவனுக்குத் தெரியவில்லை. முதலில் ஏற்றிய பதிவு அந்தப் பழைய கம்ப்யூட்டரோடு போய்விட்டது. நானாவின் போனில் வாப்பாவின் குரல் இருந்தது. ஆனால் எல்லாம் நோயில் விழுந்த பிறகு எடுத்த வீடியோக்கள். மூச்சு வாங்கி வாங்கிப் பேசுவார். "நல்லா இருந்த காலத்துச் சத்தம் ஒன்னு வேணும்" என்றார் நானா.

அந்தக் காலத்தில்தான் அண்ணனுக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இப்படிப்பட்ட பழைய, யாருக்கும் தெரியாத குழுக்களின் ஆல்பங்களைத் தேடி இசைத்தட்டாக மறுபடி வெளியிடுகிற ஒரு மனிதர். மனைவியும் அவருமாக நடத்துகிற சின்ன நிறுவனம். அண்ணன் இணையத்தில் ஏற்றி வைத்திருந்த சீடியைக் கேட்டிருக்கிறார். பாட்டுகள் பிடித்திருக்கின்றன, ஆனால் மிகவும் துடைத்துவிட்டது போல் இருக்கிறது, பழைய கசெட் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். அட்டைப் படத்தை வேறு புகழ்ந்திருந்தார். ஒன்றுமே தெரியாத சாம்பல் நிறத்தை வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று.

ஆக, கசெட் இப்போது எல்லோருக்கும் வேண்டும். ஒரு பாடசாலை விடுமுறையில் நானாவும் நானும் அவருடைய வேனில் தேடக் கிளம்பினோம். முதலில் நாலந்தாவுக்கு. அங்கே ஏ-9 பாதை ஓரத்தில் தேநீர்க் கடை வைத்திருந்த பழைய வகுப்புத் தோழர், "இருக்கு மச்சான், நான் ஒன்னையும் எறியமாட்டேன்" என்று பெருமையாக ஒரு மேசை லாச்சியை இழுத்தார். சாம்பல் நிற அட்டை இருந்தது. நானா அதை அவசரமாகத் திறந்தார். அட்டைக்குள் இருந்ததோ கந்தசஷ்டிக்குப் போடுகிற பக்திப் பாட்டு. எங்கள் பாட்டுக்கு மேலேயே பதிந்துவிட்டார். "நாடா நல்ல நாடா இருந்திச்சு" என்றார், மன்னிப்பு மாதிரி.

திரும்பி வரும் வழியில் நானா வேனை ஓரங்கட்டினார். "ரத்தோட்டைக்கு ட்ரம்ஸ் எப்படிக் கொண்டு போனோம்?" என்று கேட்டார். பஸ்ஸில்தான். ட்ரைவருக்கு முன்னால் பெரிய ட்ரம்மை வைத்து, மிச்சத்தை ஆட்களின் மடியில் வைத்துக் கொண்டு போனோம். இறங்கும்போது நானா அந்த ட்ரைவருக்கு ஒரு கசெட் கொடுத்தது எனக்கும் ஞாபகம் வந்தது.

அவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. அந்தப் பாதையில் எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் ஏறுகிற வழியில் வீடு. வயதான சிங்களவர், பஸ்ஸை விற்றுவிட்டு இப்போது கொஞ்சம் தேயிலையும் மிளகும் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் சிங்களத்தில் விஷயத்தைச் சொல்லத் தொடங்கியதும் பாதியில் நிறுத்தினார்.

"அந்தத் தும்மல் பாட்டா?"

நான் ஆமாம் என்றேன்.

அவர் சிரித்தார். மனைவியைக் கூப்பிட்டு, "தும்மல்காரர்கள் வந்திருக்கிறார்கள்" என்றார். பிறகு சொன்னார். "பனி நேரத்தில் இந்த மலையில் பஸ் ஓட்டத் தாலாட்டு மாதிரிப் பாட்டுப் போட்டால் தூக்கம் வந்துவிடும். உங்கள் பாட்டு தூங்க விடாது. என்ன சொல்கிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அந்தத் தும்மல் வந்ததும் பஸ்ஸில் இருக்கிறவர்கள் எல்லோரும் 'ஆயுபோவன்' என்பார்கள்." வீட்டில் யாராவது தும்மினால் நீண்ட நாள் வாழ்க என்று அவர்கள் சொல்கிற அதே சொல். "முதலில் யாரோ ஒரு அம்மா வாய் தவறிச் சொன்னாள். பிறகு பழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைச் சொல்வதற்காகவே பாட்டைப் போடச் சொல்லுவார்கள். புதிதாக ஏறியவர்கள் யார் தும்மியது என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். பஸ்ஸை விற்கும் வரைக்கும் இதுதான்."

பிறகு நானாவைப் பார்த்து, "அது யார்?" என்று கேட்டார்.

"எங்க தாத்தா" என்றார் நானா. சிங்களத்தில் அப்பாவை அப்படித்தான் சொல்வது.

"சுகமாக இருக்கிறாரா?"

நானா தலையை ஆட்டினார். இல்லை என்று. எழுந்து முற்றத்துக்குப் போய், தேயிலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனிதர் அவர் பின்னால் போகவில்லை, என்னிடமும் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து, அதிலிருந்த கசெட்டை எடுத்து, தன் சாரத்தில் துடைத்து என் கையில் தந்தார். திருப்பித் தர வேண்டாம் என்றார். நானா உள்ளே வரும் வரைக்கும் நாங்கள் இருவரும் மிளகு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

நாடாவில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். அண்ணன் கொழும்பிலிருந்து வந்து, எங்கள் சாப்பாட்டு மேசையில் பழைய துணியை விரித்து, கசெட்டைப் பிரித்து, நாடாவை வேறொரு கூட்டுக்கு மாற்றினான். ஒரு தடவைதான் ஓடும், இரண்டாம் தடவைக்குத் தாங்குமோ தெரியாது என்றான். காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்து பதிவு செய்தான். கடைசிப் பாட்டின் அந்த இடம் வருவதற்கு முன் ஹெட்ஃபோன் வயரைப் பிடுங்கிவிட்டான். வாப்பா எங்கள் வீட்டுக்குள் தும்மினார். அல்ஹம்துலில்லாஹ் என்றார். இளம் வயது நானா பதில் சொன்னார். நாற்பது தாண்டிய நானாவும் மேசைக்குப் பக்கத்தில் நின்று அதையே சொன்னார். பிறகு பாட்டு தடுமாறி எழுந்தது.

"இதுல நம்ம ரெண்டு பேரும் லேட்டா வாறோம்" என்றான் அண்ணன் என்னிடம்.

"ஆமா."

"நல்லாத்தான் இருக்கு."

இவ்வளவுதான் சொன்னான். நானா அவன் முதுகில் பலமாக ஒரு தட்டுத் தட்டினார்.

பதிவை அனுப்பினோம். ஐரோப்பாக்காரர் நன்றி சொல்லிவிட்டு, கடைசிப் பாட்டில் யாரோ தும்முகிறாரே, அதை எடுத்துவிடட்டுமா என்று கேட்டிருந்தார். அண்ணன் அதற்குப் பதில் எழுதாமல் நானாவுக்கே அனுப்பினான். நானா கடையில் இருந்தபடியே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார்: வேண்டாம், அது என் வாப்பா. மறுநாளே பதில் வந்தது. மன்னிக்க வேண்டும், அவர் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டு. இசைத்தட்டின் பின்னட்டையில் எங்கள் மூவரின் பெயருக்குக் கீழே அவர் பெயரும் இருக்கிறது. என்ன வாசித்தார் என்று போடவில்லை.

இசைத்தட்டு வந்தபோது அதைப் போட எங்களிடம் மெஷின் இல்லை. அண்ணன் ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் மடியில் வைத்து வந்தான். நானா வீட்டு ஹாலில், ஒரு பின்நேரம், அவருடைய உம்மாவை நடுவில் உட்கார வைத்துப் போட்டோம். முதல் பக்கத்தை உம்மா எங்களுக்கு வட்டிலப்பம் வெட்டி வைத்துக்கொண்டே கேட்டார். மறுபக்கத்தின் கடைசியில் வாப்பாவின் குரல் வந்தபோது கத்தியைக் கீழே வைத்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"அந்த மனுசனுக்கு மிளகு ஆகவே ஆகாது. கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து சொன்னேன், வேற யாவாரம் பாருங்கன்னு. கேட்டாதானே."

எங்களுக்கு இது புதுச் செய்தி. நானாவுக்கும்தான். அவ்வளவு காலம் ஸ்டோரில் பழகியிருக்கிறோம், அவர் தும்மியது எல்லாருக்கும் வருகிற தும்மல் என்றே நினைத்திருந்தோம். உம்மா சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக வந்தது. காலையில் கடை திறக்கப் போகும்போது சட்டைப் பைக்குள் மூக்குத் துடைக்க இரண்டு லேஞ்சி வைத்துக்கொண்டு போவாராம். ஸ்டோருக்குள் இருக்க முடியாமல்தான் எப்போதும் கதவடியில் ஸ்டூலைப் போட்டுக்கொள்வாராம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் தும்மல் வந்துவிடக் கூடாதென்று வியாழக்கிழமையே மூட்டை பிரிக்கிற வேலையை நிறுத்திவிடுவாராம். இருட்டும் வரை பேசிக்கொண்டிருந்தார். அவருடைய கல்யாணக் கதை முழுவதும் அன்றைக்குத்தான் கேட்டோம்.

அன்று வீட்டுக்கு வந்து நான் பேஸை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கினேன். கம்பியெல்லாம் துரு. கண்டிக்குப் போய்ப் புதுக் கம்பி வாங்கி மாட்டினேன். விரல் மறந்துவிடவில்லை, ஆனால் தோல் மறந்துவிட்டது. பாடசாலையில் கரும்பலகையில் எழுதும்போது சோக்கட்டி பட்டால்கூட எரிந்தது. என்ன மிஸ் என்று பிள்ளைகள் கேட்டார்கள். சமையலில் சுட்டுவிட்டது என்று சொன்னேன்.

இப்போது அண்ணன் வரும்போதெல்லாம் ஸ்டோரில் கூடுகிறோம். நானாவுக்கு முழங்கால் வலி, பெரிய ட்ரம்மைக் கொஞ்சம் அடித்தாலே காலை நீட்டிக்கொள்வார். அண்ணன் இரண்டாவது ஆல்பம் ஒன்று செய்யலாம் என்கிறான், பாட்டுகள்கூட எழுதி வைத்திருக்கிறான். மிளகு அறுவடை முடியட்டும் மச்சான் என்கிறார் நானா. எனக்கும் தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் திருத்துவதற்கு ஒரு கட்டு இருக்கிறது.